துளசி அட்டை

ஜூன் 9, திங்கள்

நூல் வியாபாரி கொடுத்த டைரி அரை வருடமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து இதில் எழுதப் போகிறேன். தலைக்குள் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மாட்டேன் என்கிறது. வெளியில் யாரிடமும் கேட்கக்கூடிய கேள்வியும் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். மதியம் மேனேஜர் சென்னியப்பன் பேட்டர்ன் ரூமுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் மேஜை மேல் கிடந்த கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"துளசியக்கா, இனிமே பிட்டிங்குக்கு நம்ம சின்னப் பொண்ணு பிரதீபாவ நிறுத்திக்கலாமுங்க. நீங்க பேட்டர்ன் மட்டும் பாத்துக்கோங்க. உங்களுக்கும் நிக்கற வேலை மிச்சமுங்."

"செரிங்க" என்றேன்.

திருப்பூரில் பெண்கள் உள்ளாடை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. புது டிசைன் எதுவானாலும் முதலில் ஒரே ஒரு பிரா தைத்து, உயிருள்ள ஒரு பெண்ணுக்குப் போட்டுப் பார்ப்போம். எங்கே இறுக்குகிறது, எங்கே காலியாக நிற்கிறது என்று துணியிலேயே சாக்பீஸால் குறி வைப்போம். அதற்குப் பெயர்தான் பிட்டிங். பதினான்கு வருடமாக அந்தப் பெண் நான்தான். பேட்டர்ன் வெட்டுவதும் நான், அதைப் போட்டுக்கொண்டு நிற்பதும் நான். எம் சைஸுக்கு, அதாவது மீடியத்துக்கு, என் அளவில் வெட்டிய பேட்டர்ன் அட்டைகள் ஆணியில் தொங்குகின்றன. கம்பெனியில் அவற்றுக்குப் பெயரே துளசி அட்டை. ஹாலந்தில் எம் சைஸ் வாங்குகிற பொம்பளைகள் எல்லாரும் என் அளவைத்தான் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன்.

போன வருடம் சர்க்கரை வரப்போகிறது என்று பயமுறுத்தினார்கள். நடந்து நடந்து இருபது கிலோ குறைத்தேன். முட்டி வலி போனது, முகம் தெளிந்தது, பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மார்பு மட்டும் காலிப் பையாகத் தொங்கிவிட்டது, துளசி அட்டைக்கு நானே பொருந்தாமல் போனேன். நாற்பத்திரண்டு வயது, ஒரு பிள்ளைக்குப் பால் கொடுத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

ஜூன் 11, புதன்

வருத்தம் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டுக்காரர் சரக்கு வேனை எடுத்துக்கொண்டு ஈரோடு போய்விட்டார். மகள் ரூபிகா கோயம்புத்தூர் ஹாஸ்டலில். வீட்டில் நானும் போனும்தான். கொள்ளுப் பருப்பை வேக வைத்துவிட்டு உட்கார்ந்தவள், அது அடிப்பிடிக்கிற வாசனை வரும்வரை எழுந்திருக்கவில்லை.

மார்பைச் சரிபண்ணுகிற ஆபரேஷன் பற்றிப் போனில் படித்துக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு வகை இருக்கிறதாம். தளர்ந்த தோலைக் குறைத்து, தொங்கியதை மேலே தூக்கித் தைப்பது ஒன்று. அதற்கு லிஃப்ட் என்று பெயர். உள்ளே சிலிக்கான் பை வைத்து நிரப்புவது இன்னொன்று, இம்பிளான்ட். என்னைப் போலத் தொங்கியும் காலியாகியும் போனவர்களுக்கு இரண்டுமே தேவைப்படும். சிலர் இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடுகிறார்கள். சிலர் முதலில் தூக்கித் தைத்துவிட்டு, பல மாதம் கழித்து உள்ளே வைக்கிறார்கள். எது சரி என்று பத்து இடத்தில் படித்தேன், பத்தும் பத்து விதம். தொழில்காரியாக எனக்கு ஆச்சரியம்தான் முதலில் வந்தது. வளைந்த இடத்தில் தோலை எப்படிச் சுருக்கம் விழாமல் தைக்கிறார்கள்? துணியில் அதற்கு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

இதற்கும் பிட்டிங்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது எனக்காக.

ஜூன் 22, ஞாயிறு

வீட்டுக்காரர் நாச்சிமுத்து மாமாவிடம் சொல்லிவிட்டேன். மாமாவுக்குக் கோபம் வந்தால் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாயில் வைக்க மாட்டார்.

"ஏனம்மிணி, நல்லாத்தான இருக்கற? எனக்கு ஒண்ணும் கொறையாத் தெரியலியே."

"உங்களுக்குத் தெரியாட்டி என்னங்க மாமா? கண்ணாடி முன்னாடி நிக்கறது நானு."

"கத்தி வெப்பாங்க. மயக்க மருந்து குடுப்பாங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா நானும் புள்ளையும் என்ன பண்றது?"

"ஆகாம இருக்கத்தான் டாக்டரப் பாக்கோணுங்கறேன். கேட்டுட்டு வர்றதுக்குமா கத்தி வெப்பாங்க?"

கொஞ்ச நேரம் பிசைந்தார். பிறகு, "யாருக்காகப் பண்ற?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். அந்தக் கேள்விக்கு இவ்வளவு கோபம் வந்திருக்க வேண்டியதில்லை.

ஜூலை 3, வியாழன்

லீவு போட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போனேன். டாக்டர் ரகுநந்தன் பொறுமையான மனுஷர். கூட ஒரு நர்ஸம்மாவை நிறுத்திக்கொண்டுதான் பரிசோதித்தார். இன்ச் டேப்பை அவர் பிடித்த பிடியைப் பார்த்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. இழுக்காமல், தொய்ய விடாமல் பிடித்தார்.

"ரெண்டையும் ஒரே தடவையில பண்ணிடலாம்மா. ஒரே மயக்கம், ஒரே லீவு. செப்டம்பர்ல செஞ்சா வருஷக் கடைசிக்குள்ள ஓரளவு படிஞ்சிடும். ஆனா சேத்துச் செஞ்சா, பின்னாடி மறுபடி சரிபண்ண வேண்டி வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூட. அதை மறைக்க மாட்டேன். இம்பிளான்ட்டும் ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்னு நெனைக்காதீங்க, ஒருநாள் மாத்த வேண்டி வரலாம்."

வருஷக் கடைசி என்றதும் மனசு ஜனவரிக்கு ஓடியது. ஜனவரியில் ஹாலந்திலிருந்து மார்லீன் வருகிறாள். எங்கள் பிராக்களை வாங்குகிற கம்பெனியின் அளவு பார்க்கிற அம்மா அவள். இனி யாரை நிறுத்திப் பிட்டிங் பார்ப்பது என்று கடைசியாகச் சொல்லப்போவது அவள்தான். சும்மா நினைவுக்கு வந்தது.

டாக்டர் ஓர் இம்பிளான்ட்டைக் கையில் கொடுத்தார். கொழுக்கட்டை மாவை ஈரத்துணியில் கட்டியதுபோல் இருந்தது. திருப்பித் திருப்பி ஓரத்தில் தையல் தேடினேன். தையலே இல்லை. எப்படி மூடியிருப்பார்கள் என்று கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை என்று சிரித்தார்.

ஜூலை 6, ஞாயிறு

எவ்வளவு பெரிய இம்பிளான்ட் வேண்டும் என்று தெரிந்துகொள்ள, காலுறையில் அரிசி போட்டுக் கட்டி உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு வீட்டில் நடமாடிப் பார்க்கச் சொல்லியிருந்தார் நர்ஸம்மா. எந்த அரிசி என்று சொல்லவில்லை. இட்லி அரிசி உருண்டை, ஒரு பக்கமாக ஓடிவிடுகிறது. பொன்னி நன்றாகப் படிந்தது. வைத்துக்கொண்டு துணி துவைத்தேன், மாடிப்படி ஏறி இறங்கினேன், கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்றேன். பழைய துளசி நின்றாள். அவளை மறு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

மாமா உள்ளே வந்து காலடியைப் பார்த்தார்.

"ஏனம்மிணி, ஊடு பூரா அரிசியாக் கெடக்குது?"

"காலுறைல ஓட்டைங்க."

"காலுறைல எதுக்கு அரிசி?"

சொன்னேன். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், எனக்கும் அடக்க முடியவில்லை. அந்த ஆசாமி சிரித்துப் பல நாள் ஆயிற்று. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம்.

ஜூலை 12, சனி

இன்னொரு டாக்டரையும் கேட்டுவிடுவது என்று போனேன். டாக்டர் ஷர்மிளா பானு. என்னைவிட வயதில் சின்னவர், பேச்சு வெடுக்கென்று இருக்கும். துளசி அட்டையை வைத்து நானே வெட்டித் தைத்த ஒரு பிராவைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"இது என்னம்மா?"

"என்ற பழைய அளவுங்க டாக்டர். இதுக்குப் பொருந்தற மாதிரி செஞ்சு குடுத்துருங்க."

எடுத்துத் தையலைத் திருப்பிப் பார்த்தார். "அருமையாத் தைச்சிருக்கீங்க. ஆனா நான் துணி தைக்கறவ இல்லம்மா. உடம்பு ஆறறப்போ அது இஷ்டத்துக்குத்தான் ஆறும். இந்த அளவுக்கு வரும்னு நான் வாக்குக் குடுத்தா அது பொய்."

சுருக்கென்றது. ஆனாலும் அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க விஷயம் பிடிபட்டது.

"லிஃப்டுல தோலக் கொறச்சு இறுக்கறோம். இம்பிளான்ட் உள்ள இருந்து வெளிய தள்ளுது. ஒண்ணு இறுக்குது, ஒண்ணு தள்ளுது, ரெண்டும் ஒரே தையல் மேல. பல பேருக்கு நானே சேத்துச் செய்யறேன். உங்களுக்குத் தோல் ரொம்பத் தளர்ந்திருக்கு, காம்பை நெறைய மேல கொண்டுபோகணும், அதுக்குப் போற ரத்த ஓட்டம் கெடக் கூடாது. அதனால மொதல்ல தூக்கித் தைக்கலாம். ஆறு மாசம் ஆறட்டும். அப்புறம் எவ்வளவு காலியா இருக்குன்னு பாத்து நிரப்பலாம். நடுவுல போதும்னு தோணுச்சுன்னா நின்னுக்கலாம்."

"நான் எதையும் பாதில உடற ஆள் இல்லீங்க டாக்டர்."

"அப்போ பாக்கலாம்" என்றார்.

ஆறு மாசம் என்றால் ஜனவரி தாண்டிவிடும்.

ஜூலை 16, புதன்

பிட்டிங் நடந்தது. நான் கையில் சாக்பீஸோடு இந்தப் பக்கம், பிரதீபா அந்தப் பக்கம். தாராபுரத்துப் பெண், இருபத்து நான்கு வயது, நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையாக இல்லாவிட்டால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

கப்பின் மேல் ஓரம் அவளுக்குக் காலியாக நின்றது. சாம்பிள் தைக்கிற கோகிலா அவசரக்காரி. "நெஞ்ச நல்லா நிமித்து புள்ள, செரியாயிரும்" என்றாள். பிரதீபா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "பொண்ண ஏண்டி நிமித்தற? கப்பு காலியா இருந்தா கப்புலதான் கோளாறு. அவ மூச்சு உட்டா மறுபடி காலியாகும். வாங்கறவ நாள் பூரா மூச்சப் புடிச்சுட்டா திரிவா? பீஸ்லதான் குறி வெக்கோணும்."

பிரதீபா மூச்சை விட்டாள். மேல் ஓரத்தில் குறி வைத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். இரண்டையும் சேர்த்தே செய்துகொள்கிறேன். ரகுநந்தனிடம் செப்டம்பர் பத்தாம் தேதி கேட்டிருக்கிறேன். ஒரே லீவு, அதுதான் காரணம். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இழுத்தால் நீளும் லைக்ரா துணி ரோல் வந்து இறங்கியது. கட்டிங் மாஸ்டர் ரங்கசாமி அதைப் பிரித்த கையோடு மேஜையில் விரித்து வெட்டப் பார்த்தார். நான் ஓடிப்போய் மறித்தேன். ரோலில் சுற்றியிருக்கும்போது துணி இழுபட்டே இருக்கும். பிரித்துப் போட்டு ஆற விட்டால்தான் அதன் சொந்த அளவுக்குத் திரும்பும். ஆறாமல் வெட்டினால் தைத்த பிறகு சுருங்கி நம் மானத்தை வாங்கும். இது அவருக்கும் தெரியும்.

"ஷிப்மெண்ட் அவசரமுங்க்கா."

"அவசரம் நமக்குத்தானுங்க மாஸ்டர். துணிக்கு என்ன அவசரம்?"

சொல்லிவிட்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். ரங்கசாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கோபமா என்று கேட்டார். இல்லை என்றேன். மதியம் சாப்பிடாமல் டாக்டர் ரகுநந்தனுக்குப் போன் செய்தேன். சேர்த்துச் செய்து ஏதாவது கோணலாகிவிட்டால், இறுக்கியதால் கோணலா, தள்ளியதால் கோணலா என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டேன். சில நேரம் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். ஷர்மிளா மேடத்திடமே செய்துகொள்கிறேன் என்றால் கோபித்துக்கொள்வீர்களா என்றும் கேட்டேன். உங்கள் உடம்புக்கு அதுவும் சரியான யோசனைதான், தைரியமாகப் போங்கள் என்றார். பெரிய மனசு.

எங்கள் தொழிலில் ஒரு சாம்பிளுக்கு ஒரு திருத்தம்தான். நீளத்தையும் அகலத்தையும் ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது. இந்தப் பாடத்தைக் கோகிலாவுக்குத் திட்டித் திட்டிச் சொல்லித் தந்தவள், என் உடம்புக்கு என்றதும் மறந்துவிட்டேன். ஏன் மறந்தேன் என்று எனக்கே தெரியும். ஜனவரி போகட்டும் என்று இங்கே எழுதிவிட்டால் நன்றாக இருக்கும். கை வரவில்லை.

செப்டம்பர் 10, புதன்

ஷர்மிளா மேடத்திடமும் இதே தேதி கிடைத்தது, இன்று தூக்கித் தைப்பது மட்டும். மார்பு மேமோகிராம் படம், ரத்தப் பரிசோதனை, எல்லாம் சரி. இன்னும் ஒரு மணி நேரத்தில் உள்ளே போகிறேன். இப்போதுதான் டாக்டர் பேனாவால் என் மேல் கோடு போட்டுவிட்டுப் போனார். நிற்க வைத்துப் போட்டார். படுக்க வைத்தால் சதை ஒதுங்கி அளவு தப்பிவிடும் என்றார். "அதேதானுங்க டாக்டர், நாங்களும் நிக்க வெச்சுத்தான் குறிப்போம்" என்றேன். இத்தனை வருடத்தில் குறி வாங்கிக்கொண்டு நின்றது ஆயிரம் தடவை இருக்கும், துணி இல்லாமல் தோலின் மேலேயே வாங்கியது இதுதான் முதல் தடவை. மாமா வெளியே இருக்கிறார். காலையிலிருந்து நான்கு டீ குடித்துவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

வலி. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. ரூபிகா லீவுக்கு வந்து தலைக்கு ஊற்றிவிட்டாள். "ஏம்மா, என்னையக் கேட்டிருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினாள். அதனால்தான் கேட்கவில்லை என்றேன். அவள் போன பிறகு மாமா சடை பின்னிவிட்டார். வேனில் சரக்குக்குக் கயிறு கட்டுகிற மாதிரி பின்னினார். அவிழ்க்க அரை மணி நேரம் ஆயிற்று. அவர் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருப்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

தையலைக் கண்ணாடியில் பார்த்தேன். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், கீழே ஒரு நேர்க்கோடு, மடிப்பில் ஒரு வளைவு. சுருக்கமே இல்லாமல் வளைவில் தைத்திருக்கிறார். அரை மணி நேரம் பார்த்தேன்.

அக்டோபர் 20, தீபாவளி

முறுக்குப் பிழியக் கூடாதாம். மாமா பிழிந்தார். எல்லாம் உடைசல். தின்று தீர்த்தோம்.

டிசம்பர் 8, திங்கள்

வேலைக்குத் திரும்பிச் சில வாரம் ஆகிறது. நிமிர்ந்து நடக்கிறேன், தோள்பட்டை வலி இல்லை. வேர்த்தால் மடிப்பில் அரிப்பதும் போய்விட்டது. அளவெடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் அளக்கிறவள் நான்.

ஜனவரி 19, திங்கள்

நாளைக்கு மார்லீன் வருகிறாள். எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பிட்டிங் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, டாக்டரிடம் காட்டிய அந்தப் பிராவை எடுத்துப் போட்டேன். பட்டை கடைசிக் கொக்கியில் சரி. பக்கம் சரி. கீழ்க் கப் சரி. மேல் ஓரத்தில் மட்டும் காலி. இரண்டு விரல் நுழைந்தது.

நெஞ்சை நிமிர்த்தினேன். இடைவெளி குறைந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தேன். சரியாகிவிட்டது. கண்ணாடியில் எம் சைஸ் நின்றாள். நாளைக்கு மார்லீன் முன்னால் எவ்வளவு நேரம் இப்படி நிற்க முடியும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். போட்டேன் என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். யாருக்காகப் பண்ற என்று மாமா கேட்டதற்குப் பதில் இதுதான். அப்போது கோபம் வந்ததும் இதனால்தான்.

கதவைத் தட்டிக்கொண்டு பிரதீபா உள்ளே வந்தாள். நான் இன்னும் மூச்சை விடவில்லை.

"அக்கா."

"ம்."

"மூச்ச உடுங்க்கா."

விட்டேன். மேல் ஓரம் மறுபடி காலியாயிற்று. அவள் மேஜையிலிருந்து சாக்பீஸை எடுத்து என்னிடம் நீட்டினாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, என் மேல் இருந்த துணியில், நானே குறி வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. பிரதீபா கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

ஜனவரி 20, செவ்வாய்

மார்லீன் வந்தாள். என்னைப் பார்த்ததும், இந்த முறை யார் நிற்பது, துளசியா என்று கேட்டாள். சென்னியப்பன் கத்தரிக்கோலைப் பார்த்தார். "பிரதீபா நிப்பாங்க. நான் குறி வெக்கறேன்" என்று நானே சொன்னேன். அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். நான் அதைச் சொன்னபோது வலித்தது. பிட்டிங் நன்றாக நடந்தது.

மாலையில் எல்லாரும் போன பிறகு புது அட்டை ஒன்று வெட்டினேன். மேல் ஓரம் நேற்று வைத்த குறிப்படி இறங்கி வருகிறது. பழைய அட்டையில் இருந்த என் பெயரை அடித்துவிட்டு, எம் என்று மட்டும் எழுதி ஆணியில் மாட்டினேன். புது அட்டையை மாட்டவில்லை. பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது டாக்டர் ஷர்மிளா ஆஸ்பத்திரியிலிருந்து போன். இரண்டாவது ஆபரேஷனுக்கு மார்ச்சில் தேதி குறிக்கலாமா என்று கேட்டார்கள்.

வேண்டாமுங்க, பாதியிலேயே நின்னுக்கறேன்னு டாக்டர்கிட்டச் சொல்லிருங்க என்றேன்.